முன்தீர்ப்பைக் கைவிடும் நெறிகள்: நான்கு நாடுகளின் அரசமைப்பு மறுஆய்வு குறித்த ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டம் அரசமைப்புக்கு இசைந்ததா என ஆராயும் நீதிமன்றம், அதே பொருளில் தான் முன்பு அளித்த தீர்ப்புக்கு எவ்வளவு கட்டுப்பட வேண்டும் என்பது சட்டவியலின் நெடுநாள் வினா. பொதுச் சட்ட முறைமையில் முன்தீர்ப்பு கட்டுப்படுத்தும், குடிமைச் சட்ட முறைமையில் கட்டுப்படுத்தாது என்னும் வழக்கமான பாகுபாடு இவ்வினாவுக்குப் போதிய விடை தருவதில்லை. அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்ஸ், இந்தியா ஆகிய நான்கு நாடுகளின் நடைமுறைகளை ஒப்பிடும் இக்கட்டுரை, முன்தீர்ப்பைக் கைவிடும் அதிகாரம் நான்கிலும் உண்டு என்பதையும், அதற்கு ஒவ்வொரு நாடும் கேட்கும் நிபந்தனை வேறு என்பதையும் எடுத்துரைக்கிறது. இந்திய நெறி ‘யார் மாற்றலாம்’ என்பதற்குத் தெளிவான விடை தருகிறது. ‘எப்போது மாற்றலாம்’ என்பதற்கு அத்தகைய விடை தரவில்லை என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச் சொற்கள்: முன்தீர்ப்பு, அரசமைப்பு மறுஆய்வு, அமர்வு, சூழ்நிலை மாற்றம், உள்ஒதுக்கீடு.

முன்னுரை

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்குரிய 18 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு வழங்கும் சட்டம் 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 2004 நவம்பரில், ஈ.வி. சின்னையா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, பட்டியல் சாதியினர் யாவரும் ஒரே வகுப்பினர் என்றும், அவர்களை மாநிலச் சட்டத்தால் உட்பிரிவுகளாகப் பிரிக்க இயலாது என்றும் தீர்ப்பளித்திருந்தது. எனவே தமிழ்நாட்டுச் சட்டம் பிறந்த நாள் முதலே ஒரு முன்தீர்ப்பின் நிழலில் நின்றது. அந்த நிழல் விலக 2024 ஆகஸ்டு 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று பஞ்சாப் அரசு எதிர் தவிந்தர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஆறுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில் சின்னையா தீர்ப்பைக் கைவிட்டது.

ஒரு தீர்ப்பு தவறு என்னும் ஐயம் எழுந்தபின்னும் அது ஏன் இத்தனை ஆண்டுகள் நிலைத்தது? நீதிமன்றம் தன் தீர்ப்பைத் திருத்திக்கொள்ள எத்தகைய வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது? இவ்வினாக்களுக்கு விடை காண, பிற நாடுகளின் நெறிகளோடு இந்திய நெறியை ஒப்பிடுவது பயன் தரும். முன்தீர்ப்பு என்னும் சொல், ஒரு வழக்கில் வழங்கப்பட்டுப் பின்வரும் ஒத்த வழக்குகளுக்கு வழிகாட்டியாகவோ கட்டளையாகவோ அமையும் தீர்ப்பு என்னும் பொருளில் இங்கு ஆளப்படுகிறது.

அரசமைப்பு வழக்குகளின் தனித்தன்மை

கீழமை நீதிமன்றங்கள் மேலமை நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுவது ஒன்று. உச்ச நிலை நீதிமன்றம் தன் பழைய தீர்ப்புக்குத் தானே கட்டுப்படுவது மற்றொன்று. முதலாவதில் நான்கு நாடுகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. இக்கட்டுரையின் பொருள் இரண்டாவதே.

சாதாரணச் சட்டம் ஒன்றுக்கு நீதிமன்றம் தவறாகப் பொருள் கொண்டால், சட்டமன்றம் அச்சட்டத்தைத் திருத்தித் தவற்றைச் சரிசெய்யலாம். அரசமைப்புக்குத் தவறாகப் பொருள் கொண்டாலோ அரசமைப்பையே திருத்த வேண்டும், அது எளிதன்று. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி லூயி பிராண்டைஸ் 1932ஆம் ஆண்டு ஒரு வரி வழக்கில் எழுதிய மாறுபட்ட தீர்ப்புரையில் இவ்வேறுபாட்டைச் சுட்டி, அரசமைப்பு வழக்குகளில் நீதிமன்றம் தன் முன்தீர்ப்பைத் திருத்திக்கொள்ளக் கூடுதல் இடம் வேண்டும் என்றார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அரசமைப்புத் தீர்ப்பை நம்பியே குடிமக்கள் தம் உரிமைகளைக் கணிக்கின்றனர். அரசுகள் தம் திட்டங்களை வகுக்கின்றன. நீதிபதிகள் மாறும்போதெல்லாம் உரிமைகளும் மாறுமானால், அரசமைப்பு என்பது அவ்வப்போதைய பெரும்பான்மையின் விருப்பமாகச் சுருங்கிவிடும். திருத்தமும் நிலைப்பும் ஆகிய இவ்விரு தேவைகளுக்கும் இடையே ஒவ்வொரு நாடும் தனக்கேற்ற ஒரு நிபந்தனையை அமைத்துக்கொண்டுள்ளது.

அமெரிக்கா: காரணங்களின் நிபந்தனை

அமெரிக்க அரசமைப்பில் முன்தீர்ப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபிலிருந்து பெற்ற ‘ஸ்டேர் டிசைசிஸ்’ நெறியை, அதாவது தீர்த்தவற்றில் நிலைத்திருத்தல் என்னும் நெறியை, உச்ச நீதிமன்றம் தானே வகுத்துப் பின்பற்றுகிறது. அது இறுகிய விதியன்று. கைவிடுவதாயின் சிறப்பான காரணம் காட்ட வேண்டும் என்பதே அதன் சாரம்.

1940ஆம் ஆண்டு கோபிட்டிஸ் வழக்கில், சமய நம்பிக்கையால் கொடி வணக்கம் செய்ய மறுத்த யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மாணவர்களுக்கு எதிராக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1942இல் வேறொரு வழக்கில், அத்தீர்ப்பில் பெரும்பான்மையோடு சேர்ந்த மூவர் தாம் தவறியதாக வெளிப்படையாக எழுதினர். 1943இல் பார்னெட் வழக்கில் அத்தீர்ப்பு கைவிடப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் திருத்தம் நேர்ந்தது. இனப் பிரிவினையை ஏற்ற பிளெஸ்ஸி தீர்ப்போ 1896 முதல் 1954 வரை நிலைத்தது. அவ்வாண்டு பிரௌன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, பொதுக் கல்வியில் அக்கோட்பாட்டுக்கு இடமில்லை என்றனர்.

1992ஆம் ஆண்டு கேசி வழக்கில், கருக்கலைப்பு உரிமை குறித்த 1973ஆம் ஆண்டு ரோ தீர்ப்பின் மையக் கருத்தைத் தக்கவைத்தபோது, முன்தீர்ப்பைக் கைவிடுவதற்குரிய அளவுகோல்கள் விரிவாக ஆராயப்பட்டன. 2022ஆம் ஆண்டு டாப்ஸ் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் ரோ, கேசி ஆகிய இரு தீர்ப்புகளையும் கைவிட்டனர். பிழையின் தன்மை, பழைய தீர்ப்பின் தர்க்கத் தரம், நடைமுறைப்படுத்தும் எளிமை, பிற சட்டத் துறைகளில் விளைந்த பாதிப்பு, மக்கள் அதன்மீது வைத்த நம்பிக்கை ஆகிய ஐந்தையும் அவர்கள் எடைபோட்டனர். மாறுபட்ட மூவரும் அதே நெறியை எடுத்துக்கொண்டு, மாறியது நீதிமன்றத்தின் உறுப்பினர்கள் மட்டுமே என வாதிட்டனர்.

காரணங்களின் நிபந்தனை மாற்றத்தைத் தடுத்துவிடாது என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. ஆனால் அது ஒரு கணக்கேட்டைத் திறந்து வைக்கிறது. பெரும்பான்மை எதைக் காரணமாகக் காட்டியது, அது போதுமா என்பதை மாறுபட்ட நீதிபதியும் சட்ட மாணவரும் குடிமகனும் அதில் சரிபார்க்க முடிகிறது.

ஜெர்மனி: அமைப்புசார் நிபந்தனை

ஜெர்மனி குடிமைச் சட்ட மரபைச் சார்ந்த நாடு. எனினும் 1951ஆம் ஆண்டுக் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, அந்நீதிமன்றத்தின் முடிவுகள் கூட்டாட்சியின், மாநிலங்களின் அரசமைப்பு உறுப்புகளையும் எல்லா நீதிமன்றங்களையும் அதிகாரிகளையும் கட்டுப்படுத்தும் என்கிறது. ஒரு சட்டத்தின் செல்லுபடியைத் தீர்மானிக்கும் முடிவுக்குச் சட்டத்துக்குரிய வலிமையே உண்டு. பொதுச் சட்ட நாடுகளில் வழக்கமாக அமைந்ததை ஜெர்மனி எழுத்தில் வடித்துவிட்டது எனலாம்.

ஆனால் இக்கட்டுப்பாடு அந்நீதிமன்றத்தையே கட்டுப்படுத்துவதில்லை. எட்டு நீதிபதிகள் வீதம் இரண்டு அவைகளாக அது இயங்குகிறது. ஓர் அவை தன் சொந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளலாம். மற்ற அவையின் சட்டக் கருத்திலிருந்து விலக விரும்பினால் மட்டும், 16ஆம் பிரிவின்படி இரு அவைகளும் கூடிய முழு அமர்வு முடிவெடுக்க வேண்டும். அரசியல் கட்சிகளின் பொதுச் செயல்பாட்டுக்கு அரசு நிதி வழங்கலாகாது என 1966இல் கூறிய இரண்டாம் அவை, 1992இல் அக்கருத்தைத் தானே வெளிப்படையாகக் கைவிட்டது.

தடுப்புக் காவல் குறித்த வழக்குகள் இன்னும் ஆழமானவை. தண்டனைக் காலம் முடிந்த பின்னும் ஆபத்தானவர் எனக் கருதப்படும் குற்றவாளியைக் காவலில் வைக்கும் முறையில், முதல் முறைக்கு விதிக்கப்பட்டிருந்த பத்தாண்டு உச்சவரம்பு 1998இல் நீக்கப்பட்டது. முன்பே காவலில் இருந்தோருக்கும் அது பொருந்தியது. இதனை 2004இல் அரசமைப்பு நீதிமன்றம் ஏற்றது. 2009 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அது மனித உரிமை உடன்படிக்கைக்கு முரண் என்றது. 2011 மே 4 அன்று ஜெர்மன் நீதிமன்றத்தின் அதே அவை, அவ்விதிகள் அரசமைப்புக்கு முரண் எனத் தீர்ப்பளித்தது. முன்பே தீர்ந்த ஒன்றை மீண்டும் எடுத்ததற்கு அது காட்டிய காரணம் கவனிக்கத்தக்கது. அரசமைப்பின் பொருள்கோளுக்குப் புதிய கூறுகளைத் தரும் ஐரோப்பிய நீதிமன்ற முடிவு, சட்டத்தளத்தில் நேர்ந்த மாற்றத்துக்கு ஒப்பாகும் என்றது அந்நீதிமன்றம். எந்த அவை மாற்றலாம் என்னும் அமைப்புசார் நெறியோடு, ஏன் இப்போது என்னும் காரணமும் இங்குச் சேர்ந்து வந்துள்ளது.

பிரான்ஸ்: சூழ்நிலை மாற்றம் என்னும் நிபந்தனை

பிரான்சின் 1958ஆம் ஆண்டு அரசமைப்பின் 62ஆம் உறுப்பு, அரசமைப்பு மன்றத்தின் முடிவுகளுக்கு மேல்முறையீடு இல்லை என்றும் அவை எல்லா அதிகாரிகளையும் கட்டுப்படுத்தும் என்றும் கூறுகிறது. நெடுங்காலம் அம்மன்றம், சட்டம் நடைமுறைக்கு வருமுன் மட்டுமே அதனை ஆராய்ந்தது. 2008ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தத்தின் பயனாக, 2010 மார்ச் 1 முதல், நடைமுறையில் உள்ள சட்டத்தையும் வழக்காடுவோர் கேள்விக்குள்ளாக்க முடிந்தது.

இதற்குரிய சட்டம் ஒரு தடையை வைத்தது. அரசமைப்புக்கு இசைந்தது என மன்றம் முன்பே அறிவித்த விதியை மீண்டும் கேள்விக்குள்ளாக்க இயலாது. ஆனால் சூழ்நிலை மாறியிருந்தால் இயலும். முன்தீர்ப்பின் வலிமையும் அதன் எல்லையும் ஒரே விதியில் எழுதப்பட்டுள்ளன.

2010 ஜூலை 30 அன்று வழங்கப்பட்ட காவல் நிலைய விசாரணைக் காவல் குறித்த முடிவு இதற்குச் சிறந்த சான்று. அவ்விதிகளில் சிலவற்றை மன்றம் 1993இல் ஏற்றிருந்தது. அதன்பின் விசாரணைக் காவல் அன்றாட நடைமுறையாகப் பெருகி, 2009ஆம் ஆண்டில் மட்டும் 7,90,000க்கும் மேற்பட்ட முறை பயன்படுத்தப்பட்டது என்பதை மன்றம் சுட்டியது. காவல் விதிக்கும் அதிகாரம் பெற்ற அலுவலர்களின் எண்ணிக்கை உயர்ந்ததையும் கணக்கில் கொண்டது. இவை மறுஆய்வை நியாயப்படுத்தும் சூழ்நிலை மாற்றங்கள் எனக் கருதி, விதிகளை அரசமைப்புக்கு முரண் என அறிவித்தது. புதிய சட்டம் இயற்ற 2011 ஜூலை 1 வரை கால அவகாசமும் தந்தது.

பிரெஞ்சு மன்றத்தின் முடிவுகள் சுருக்கமானவை. மாறுபட்ட கருத்துகள் அவற்றில் வெளியிடப்படுவதில்லை. எனினும் பழைய முடிவைத் திறப்பதற்கு மட்டும், உலகில் எது மாறியது எனச் சொல்லும் கடமை அதற்கு உண்டு. பழைய முடிவு தொடக்கத்திலேயே தவறு என்றால் இந்நெறி என்ன செய்யும் என்பது அதன் குறை. அன்று சரி, இன்று பொருந்தாது என்று சொல்ல மட்டுமே அது வழி தருகிறது.

இந்தியா: எண்ணிக்கை என்னும் நிபந்தனை

இந்திய அரசமைப்பின் 141ஆம் உறுப்பு, உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் இந்திய ஆட்சிநிலவரையில் உள்ள எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது. ‘எல்லா நீதிமன்றங்களும்’ என்பதில் உச்ச நீதிமன்றம் அடங்காது என 1955ஆம் ஆண்டு வங்காள இம்யூனிட்டி நிறுவன வழக்கில் முடிவானது. ஏழு நீதிபதிகள் அமர்ந்த அவ்வழக்கில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐந்து நீதிபதிகள் அளித்த தீர்ப்பு கைவிடப்பட்டது.

எந்த அமர்வு எதனைக் கைவிடலாம் என்னும் வினாவுக்கு 2004 டிசம்பரில் தாவூதி போரா சமூக மைய வாரிய வழக்கு தெளிவான விடை தந்தது. பெரிய அமர்வின் தீர்ப்பு, அதனினும் சிறிய அமர்வையும் சம எண்ணிக்கை கொண்ட அமர்வையும் கட்டுப்படுத்தும். சிறிய அமர்வு, பெரிய அமர்வின் முன் வைக்குமாறு தலைமை நீதிபதியை வேண்டலாம். சம அமர்வு தன் ஐயத்தைத் தெரிவிக்கலாம். பெரிய அமர்வின் பெரும்பான்மையில் எத்தனை பேர் இருந்தனர் என்பது பொருட்டன்று, அமர்வின் மொத்த எண்ணிக்கையே கணக்கு என்று 2022ஆம் ஆண்டு திரிமூர்த்தி ஃபிராக்ரன்சஸ் வழக்கு கூறியது. எனவே ஏழு பேர் அமர்வில் நால்வர் கொண்ட கருத்து, ஐவர் ஒருமித்துக் கூறியதை வெல்லும்.

அரசமைப்பைத் திருத்தும் அதிகாரம் பற்றிய வழக்குகள் இந்த ஏறுவரிசையைக் காட்டுகின்றன. 1951ஆம் ஆண்டு சங்கரி பிரசாத் வழக்கில் ஐவர். 1964ஆம் ஆண்டு சஜ்ஜன் சிங் வழக்கில் ஐவர். 1967ஆம் ஆண்டு கோலக்நாத் வழக்கில் 11 பேர். 1973ஆம் ஆண்டு கேசவானந்த பாரதி வழக்கில் 13 பேர். கோலக்நாத் வழக்கில் ஆறுக்கு ஐந்து, கேசவானந்த பாரதி வழக்கில் ஏழுக்கு ஆறு என்பவை பெரும்பான்மைகள். கோலக்நாத் வழக்கில் தலைமை நீதிபதி சுப்பாராவ், அமெரிக்கச் சட்டவியலிலிருந்து எடுத்த ‘வருங்காலத்துக்கு மட்டும் கைவிடுதல்’ என்னும் கருத்தைக் கையாண்டு, அதுவரை நிகழ்ந்த திருத்தங்களைக் காத்தார்.

அந்தரங்க உரிமை வழக்கும் எண்ணிக்கையின் வலிமைக்குச் சான்று. 1975 முதல் சிறிய அமர்வுகள் பல அவ்வுரிமையை ஏற்று வந்தன. ஆயினும் 1954ஆம் ஆண்டு எம்.பி. சர்மா வழக்கில் எட்டுப் பேரும், 1962ஆம் ஆண்டு கரக் சிங் வழக்கில் ஆறு பேரும் கூறியவற்றை எடுத்துக்காட்டி, அது அடிப்படை உரிமையன்று என ஒன்றிய அரசு வாதிட்டது. அவ்வாதத்தைத் தீர்க்க 2017இல் ஒன்பது நீதிபதிகள் கூட வேண்டியதாயிற்று. நெருக்கடி நிலைக் காலத்தின் ஜபல்பூர் தீர்ப்பும் அவ்வழக்கில்தான் வெளிப்படையாகக் கைவிடப்பட்டது.

வேறுபாட்டின் வேர்

இந்த நான்கு நெறிகளும் நீதிமன்றங்களின் கட்டமைப்பிலிருந்து முளைத்தவை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரும் ஒன்றாகவே அமர்கின்றனர். பிரெஞ்சு மன்றமும் பிரிந்து அமர்வதில்லை. அங்கு ‘பெரிய அமர்வு’ என்பதற்கே இடமில்லை. ஆகவே காரணமோ சூழ்நிலையோதான் நிபந்தனையாக முடியும். ஜெர்மனியில் அவைகள் இரண்டே. ஆகவே இரண்டுக்கும் இடையிலான முரணைத் தீர்க்க ஒரு முழு அமர்வு போதும்.

இந்திய உச்ச நீதிமன்றத்தில் 2019 முதல் தலைமை நீதிபதி உட்பட 34 பணியிடங்கள் உள்ளன. இருவர், மூவர் கொண்ட பல அமர்வுகள் ஒரே நாளில் இயங்குகின்றன. அரசமைப்புப் பொருள்கோள் குறித்த முக்கிய வினாவுக்குக் குறைந்தது ஐவர் அமர வேண்டும் என்பது 145(3)ஆம் உறுப்பின் கட்டளை. இச்சூழலில் எண்ணிக்கை விதி இல்லாவிட்டால் ஒவ்வோர் அமர்வும் தனித்தனி நீதிமன்றமாகிவிடும். அவ்வகையில் இவ்விதி தேவையானதே. அதனைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

சின்னையா முதல் தவிந்தர் சிங் வரை

எண்ணிக்கை விதி எங்குப் போதாமல் போகிறது என்பதை முன்னுரையில் கண்ட வழக்கே காட்டுகிறது. பஞ்சாப் மாநிலத்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் வால்மீகி, மஜபி சீக்கியர் ஆகியோருக்கு முன்னுரிமை தந்த விதியை, சின்னையா தீர்ப்பின் அடிப்படையில் உயர் நீதிமன்றம் 2010இல் செல்லாததாக்கியது. மேல்முறையீட்டில் மூவர் அமர்வு 2014இல் அதனை ஐவர் அமர்வுக்கு அனுப்பியது. ஐவர் அமர்வு 2020 ஆகஸ்டில் சின்னையா தீர்ப்பு மறுபரிசீலனைக்குரியது என விரிவான காரணங்களுடன் கூறியது. ஆனால் சின்னையாவும் ஐவர் தீர்ப்பு. சம எண்ணிக்கையினர் அதனைக் கைவிட இயலாது. வழக்கு எழுவருக்குச் சென்றது. முடிவு 2024இல் வந்தது. முதல் பரிந்துரைக்கும் இறுதி முடிவுக்கும் இடையே பத்து ஆண்டுகள். அப்பத்து ஆண்டுகளில் உள்ஒதுக்கீட்டை எதிர்பார்த்துப் படித்த ஒரு தலைமுறை மாணவர் வகுப்பறைகளைக் கடந்து சென்றிருப்பர்.

மாறுபட்ட தீர்ப்புரை எழுதிய நீதிபதி பேலா திரிவேதி, 2014ஆம் ஆண்டுப் பரிந்துரை போதிய காரணம் காட்டாமல் செய்யப்பட்டது எனக் குறை கூறினார். உள்ஒதுக்கீடு பற்றிய அவருடைய முடிவை ஏற்காதவரும் இக்குறையைப் புறந்தள்ள இயலாது. முன்தீர்ப்பைத் திறக்கும் முதல் ஆணையிலேயே, அதில் எது தவறு, எது மாறியது, யார் அதனை நம்பியிருந்தனர் என்பவை எழுதப்பட்டால், பின்வரும் அமர்வுகளின் பணி சுருங்கும்.

இந்தியச் சட்டவியலில் இதற்கு வித்து இல்லாமல் இல்லை. 1965ஆம் ஆண்டு கேசவ் மில்ஸ் வழக்கில், முன்தீர்ப்பை மறுபரிசீலிக்கும்போது பிழையின் தன்மை, பொதுநலனில் அதன் விளைவு, பின்னைத் தீர்ப்புகளில் அது பின்பற்றப்பட்டதா என்பன போன்றவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றமே கூறியது. ஆனால் எண்ணிக்கை விதிக்கு உள்ள கட்டாயத்தன்மை அதற்கு வாய்க்கவில்லை. 1975 நவம்பரில் கேசவானந்த பாரதி தீர்ப்பை மறுபரிசீலிக்க 13 பேர் அமர்வு கூட்டப்பட்டு, இரண்டு நாள் விசாரணைக்குப் பின் முடிவின்றிக் கலைக்கப்பட்டது. மறுபரிசீலனைக்கு என்ன தேவை எழுந்தது என்பதே அங்கு முன்வைக்கப்பட்ட முதன்மையான எதிர்ப்பு. எண்ணிக்கை நிறைந்திருந்தும் காரணம் நிறையவில்லை என அந்நிகழ்வைப் படிக்கலாம்.

முடிவுரை

இவ்வொப்பாய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. முன்தீர்ப்பின் வலிமையைப் பொதுச் சட்டம், குடிமைச் சட்டம் என்னும் பாகுபாட்டால் மட்டும் விளக்க இயலாது. ஜெர்மனியும் பிரான்சும் கட்டுப்படுத்தும் தன்மையை எழுத்திலேயே வைத்துள்ளன. அமெரிக்க அரசமைப்போ அதைப் பற்றிப் பேசவில்லை.

2. நான்கு நாடுகளின் உச்ச நிலை மன்றங்களும் தம் முடிவுகளைத் திருத்திக்கொள்ளும் வழியைக் கொண்டுள்ளன. அமெரிக்கா காரணத்தையும், ஜெர்மனி அவை அமைப்போடு சட்டத்தள மாற்றத்தையும், பிரான்ஸ் சூழ்நிலை மாற்றத்தையும், இந்தியா அமர்வின் எண்ணிக்கையையும் நிபந்தனையாக்குகின்றன.

3. முதல் மூன்றிலும் ‘ஏன் இப்போது’ என்னும் வினா தீர்ப்புரையில் விடை பெறுகிறது. இந்திய நெறி ‘எத்தனை பேர்’ என்பதில் உறுதியாகவும் ‘ஏன் இப்போது’ என்பதில் நெகிழ்வாகவும் உள்ளது.

4. எண்ணிக்கை விதியைக் கைவிடாமலே இக்குறையைக் களையலாம். பெரிய அமர்வுக்கு அனுப்பும் ஒவ்வோர் ஆணையும் கேசவ் மில்ஸ் வழக்கு சுட்டிய வகையில் காரணங்களைக் கூற வேண்டும் என்பதைக் கட்டாய நெறியாக்குவது அதற்குரிய வழி.

நீதிமன்றம் தன் தவற்றைத் திருத்திக்கொள்வது அதன் மதிப்பைக் குறைப்பதில்லை. திருத்தத்தின் காரணம் மக்களுக்கு விளங்காமல் போவதே அதன் மதிப்பைக் குறைக்கும். இருபது ஆண்டுகள் ஒரு தீர்ப்பின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு, அது இப்போது எத்தனை பேரால் மாற்றப்பட்டது என்பதைவிட, ஏன் மாற்றப்பட்டது என்பதை அறியும் உரிமையே பெரிது.